மெய்யப்ப செட்டியாரும் மும்பையின் பழைய படப்பெட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஏவி.எம். ஸ்டுடியோவை நிறுவிய ஏவி. மெய்யப்ப செட்டியாரைப் பற்றி வந்த கட்டுரையை, மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இருக்கும் பழைய ஃபிலிம் லேப் ஆட்களும் எடிட்டிங் ஆட்களுமாகச் சேர்ந்து படித்தோம். பாராட்டியதில் குறை இல்லை. ஆனால் தொட்டதெல்லாம் துலங்கிய ராசிக்காரர், குடும்பங்களின் நாடி பிடித்தவர், தமிழில் ஓடியதை இந்தியில் நகலெடுத்தவர் என்று மூன்றே வரியில் அவரை முடித்துவிட்டார் கட்டுரையாளர். மூன்றும் அவருக்குப் பொருந்தாது. எடுத்த படம் சரியில்லை என்றால் அதைத் திருத்தலாம், திருத்தியே தீர வேண்டும் என்பதை ஒரு தொழில்முறையாகவே ஆக்கியவர் அவர். குரலை மாற்றுவார், நடிகரை மாற்றுவார், இயக்குநரை மாற்றுவார், கடைசியில் மொழியையும் மாற்றுவார். குடும்பப் படம் அந்தப் பழக்கத்தில் விளைந்தது.

ராசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறோம். 1907இல் காரைக்குடியில் பிறந்தவர், அப்பாவின் ஏவி அண்ட் சன்ஸ் கடையில் தொழில் பழகி, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கினார். படம் எடுக்க வந்தபோது 'அல்லி அர்ஜுனா'வும் ஓடவில்லை, அடுத்து எடுத்த 'ரத்னாவளி'யும் ஓடவில்லை. பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜெயந்திலாலுடன் கூட்டுச் சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் தொடங்கி 1938இல் 'நந்தகுமார்' எடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். அந்தப் படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்தார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாடல் தொடங்கிய இடம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இசைத்தட்டு விற்றவருக்கு இது தோன்றியதில் எங்களுக்கு வியப்பில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் தட்டில் முகமே கிடையாது. குரல் நன்றாக இருந்தால் தட்டு விற்கும், இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும். முகம் வேறு, குரல் வேறு என்று பிரித்துப் பார்க்க அவருடைய காது முன்பே பழகியிருந்தது. நாடக மேடையிலிருந்து வந்தவர்களோ, பாடத் தெரிந்தவர்தான் நடிகர் என்ற எண்ணத்தை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

1945இல் வந்த 'ஸ்ரீ வள்ளி'யில் இதையே இன்னும் பெரிதாகச் செய்தார். டி.ஆர். மகாலிங்கத்துக்கு ஜோடியாக நடித்த குமாரி ருக்மிணி பாடிய பாட்டுகளை எடுத்துவிட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரலை வைத்தார். 'குரலை மாற்றினார்கள்' என்று உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்த நாளில் அது எத்தனை பெரிய வேலை என்பதை இன்று கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

காந்த நாடா அப்போது நம் ஸ்டுடியோக்களுக்கு வரவில்லை. ஒலியும் ஃபிலிமில்தான் பதிவாகும், ஒளிக்கோடாக. பதிந்ததை உடனே போட்டுக் கேட்க வழியில்லை. சவுண்ட் நெகட்டிவை லேபுக்கு அனுப்பி, கழுவி, பிரிண்ட் போட்டு, காய்ந்து வந்த பிறகுதான் சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதே தெரியும். தப்பு என்றால் அந்த ஃபிலிம் வீண். அழித்துவிட்டு மறுபடி பதிய முடியாது. இதற்கு மேல், ஏற்கெனவே படமாகிவிட்ட உதட்டசைவுக்கு ஒத்துப் பாட வேண்டும். பாட்டை அடி அடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, புரொஜெக்டரில் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பாடுபவர் திரையைப் பார்த்துக்கொண்டே பாடுவார். வினாடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேம் பிசகினாலே கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். ம, ப போன்ற உதடு ஒட்டும் எழுத்துகளில் பிசகினால் யாருக்கும் தெரியும். பழைய ஒலித்தடத்தில் குரலும் வாத்தியமும் கலந்தே இருந்தால் குரலை மட்டும் உருவி எடுக்க முடியாது. வாத்தியக்காரர்களையும் உட்காரவைத்து அதே காலப்பிரமாணத்தில் மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும். நடுவில் மின்சாரம் கொஞ்சம் தாழ்ந்து மோட்டார் வேகம் குறைந்தால் அந்த டேக் போச்சு. எல்லாம் முடிந்து பிரிண்ட் போடும்போது, ஒலியைப் படத்தைவிட 20 ஃபிரேம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் புரொஜெக்டரில் ஒலி படிக்கும் இடமும் படம் விழும் இடமும் ஒன்றல்ல. இந்தக் கணக்கை ஒரு ரீலில் மறந்தாலும் அந்த ரீல் முழுக்கப் பேச்சு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

இடையில் 1943இல் வந்த கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப்பிங் செய்து 1944இல் வெளியிட்டார். தமிழில் டப்பிங் படம் என்ற ஒன்றே அதற்கு முன் இல்லை. கன்னடத்திலிருந்து தமிழுக்கு இது கைகூடியதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், வாக்கிய நீளமும் ஏறக்குறைய ஒத்துப்போகும், உடையும் வீடும் புராணப் படத்தில் எல்லாருக்கும் பொது. சமூகப் படத்தை இந்திக்குக் கொண்டுபோக இந்த வழி உதவாது. அதற்கு அவர் வேறு வழி வைத்திருந்தார், பின்னால் சொல்கிறோம்.

போர்க்கால மின்சாரத் தட்டுப்பாட்டால் ஏவி.எம். ஸ்டுடியோ முதலில் காரைக்குடியில் கொட்டகை போட்டு நடந்ததும், பாரதி பாட்டுகளோடு 1947இல் 'நாம் இருவர்' வந்ததும், பாரதி பாடல்களுக்குத் தம்மிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமையைக் காசு வாங்காமல் அரசுக்கு விட்டுக்கொடுத்ததும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவை. பிறகு வந்த வடபழனி ஸ்டுடியோதான் எங்கள் வாதத்துக்கு முக்கியம். சொந்த ஃப்ளோர் (படப்பிடிப்புத் தளம்), சொந்த லேப், மாதச் சம்பளத்தில் ஆட்கள் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்ததால்தான் படத்தைத் திருப்பி எடுக்க அவரால் முடிந்தது. 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி, 1,000 அடி ரீலுக்கு 11 நிமிடம். வாடகை ஃப்ளோரில் படம் எடுப்பவர் நான்கு ரீலைத் தூக்கிப் போட்டால், ஃபிலிம் விலையோடு செட் வாடகை, கால்ஷீட், லேப் பில் என்று நான்கு இடத்தில் அடி வாங்குவார். சொந்த இடம் வைத்திருப்பவருக்கு ஃபிலிமும் நடிகர் சம்பளமும்தான் பெரிய நஷ்டம். செட் அங்கேயே நிற்கும்.

1954இல் வந்த 'அந்த நாள்' இதற்கு நல்ல உதாரணம். எஸ். பாலசந்தர் இயக்கம், பாட்டே இல்லாத படம். வேறு நடிகர்களை வைத்து எடுத்துப் பார்த்துத் திருப்தியில்லாமல் நிறுத்திவிட்டு, சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தார். அப்படியும் முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை. விருது கிடைத்தது, பெயர் பிறகு வந்தது. 1960இன் 'களத்தூர் கண்ணம்மா'வில் இயக்குநர் டி. பிரகாஷ் ராவ் பாதியில் விலக, பீம்சிங் வந்து முடித்தார். 1959இன் 'சகோதரி'யை முடித்துப் போட்டுப் பார்த்து, கனம் கூடிவிட்டது என்று சந்திரபாபுவை அழைத்துப் பால்காரர் பகுதியைத் தனியாக எடுத்துச் செருகினார். இன்று பலருக்கு அந்தப் படத்தில் நினைவிருப்பது அந்தச் செருகல்தான்! முடிந்த படத்தில் இப்படி ஒரு பகுதியைச் செருகுவது எளிதல்ல. முன்னும் பின்னும் உள்ள காட்சிகளில் பாத்திரங்கள் நிற்கும் இடம், உடை, விளக்கு எல்லாம் பொருந்த வேண்டும். அதோடு, சேர்த்த நீளத்துக்கு ஈடாக வேறெங்காவது வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் படம் 18,000 அடியைத் தாண்டி மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மேல் போய், தியேட்டர்காரர் அடுத்த காட்சிக்குக் கதவு திறக்க முடியாமல் தவிப்பார்.

அவருடைய கணிப்பு தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். 1952இன் 'பராசக்தி'யில் சிவாஜி வேண்டாம் என்றே சொன்னவர் அவர். தயாரிப்பாளர் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் விட்டுக்கொடுக்காததால்தான் நமக்குச் சிவாஜி கிடைத்தார். ஆனால் அங்கேயும் பாருங்கள், மெலிந்திருந்த சிவாஜி உடம்பு தேறிய பிறகு தொடக்கக் காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். ஆளைப் பற்றிய கணிப்பு தப்பியது, திருத்தும் பழக்கம் தப்பவில்லை.

இனி இந்திக்கு வருவோம். 'நகலெடுத்தார்' என்பதை மும்பையில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதலாமா? ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள். 1949இன் 'வாழ்க்கை'யில் வைஜயந்திமாலா அறிமுகமாகி, தெலுங்கில் 'ஜீவிதம்' ஆகி, 1951இல் 'பஹார்' ஆனது உண்மை. ஆனால் அடுத்து 'லட்கி' 1953இல் வந்தது; தமிழ்ப் 'பெண்' 1954இல்தான் வந்தது. ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' (1956) நேராக இந்திக்கே எடுக்கப்பட்டது. பிரதமரின் தங்கப் பதக்கம் பெற்ற குழந்தைகள் படமான 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' (1957) படமும் அப்படித்தான். கதையும் காரைக்குடியில் முளைத்ததல்ல. 'குலதெய்வம்', 'நானும் ஒரு பெண்', 'உயர்ந்த மனிதன்' மூன்றுக்கும் வேர் வங்காளத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் கதை பிடித்து, கோடம்பாக்கத்தில் இழைத்து, பம்பாய் விநியோகஸ்தரிடம் விற்றார் என்பதே சரியான வரிசை.

இந்திக்குப் போகும்போது எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இயக்குநரையும் காட்சி அடுக்கையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டார்: 'குலதெய்வம்' இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சுவே 'பாபி' (1957) இயக்கினார்கள், பண்டரிபாயே அதிலும் நடித்தார். 'களத்தூர் கண்ணம்மா'வை முடித்த பீம்சிங்கே 'மை சுப் ரஹூங்கி' (1962) எடுத்தார். இசையை மட்டும் மெட்டோடு கொண்டுபோகவில்லை. 'பஹார்' எஸ்.டி. பர்மன், 'பாபி' சித்ரகுப்த், 'தோ கலியான்' (1968) ரவி என்று வடக்கத்திக் காதுக்கு வடக்கத்தி இசையமைப்பாளர். 'பாபி'யின் 'சல் உட் ஜா ரே பஞ்சி'யை இன்றும் ரேடியோவில் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சென்னைப் படம் என்று தெரியும்? 1962ஆம் ஆண்டுக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை பரிந்துரை மூன்றும் மீனா குமாரிக்கே போனதைப் பெரிதாகப் பேசும் இந்தி விமர்சகர்கள், அந்த மூன்றில் ஒன்று நம் கண்ணம்மா வேடம் என்பதைச் சொல்வதில்லை.

செலவுக் கணக்கும் உண்டு. குடும்பப் படத்துக்கு ஒரு கூடம், மாடிப்படி, பூஜை அறை, சமையல்கட்டு இருந்தால் முக்கால் படம் முடிந்துவிடும். அதே செட்டில் மேசை நாற்காலி, படம், திரைச்சீலை மாற்றினால் அடுத்த மொழிக்குத் தயார். அதற்காகத் தமிழ் ஷாட் முடிந்த கையோடு இந்தி ஷாட் எடுப்பது லாபம் என்று நினைக்க வேண்டாம். விளக்கு ஒன்றாக இருந்தாலும் வசனத்தின் நீளம் வேறு, நடிகர் நகரும் நேரம் வேறு. கேமரா நகர்வைத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு படம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, நொண்டிய இடத்தைச் செப்பனிட்டு, அடுத்த மொழியில் எடுப்பதே அவருக்குப் பிடித்த வழி. முதல் மொழியின் தியேட்டர் கூட்டமே அவருக்கு ஒத்திகை.

குறையையும் மறைக்கத் தேவையில்லை. அவருடைய குடும்பப் படங்களில் பெண் பொறுத்துப் பொறுத்துத் தேய்வாள், கடைசி ரீலில் எல்லாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்பார்கள். 'நானும் ஒரு பெண்' நிறத்தை வைத்து இகழ்வதைத் தைரியமாக எடுத்துப் பேசியது; அதிலும் நாயகி தன் நல்ல குணத்தை நிரூபித்த பிறகுதான் வீடு அவளை ஏற்கிறது. 1979இல் செட்டியார் மறைந்து, மகன்கள் காலத்தில் விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) இந்த இடத்தில் விலகியது. சண்டையிட்டுப் பிரிந்த அப்பாவும் மூத்த மகனும் மறுபடி ஒரே கூரையின் கீழ் சேரும் முடிவை மருமகளே மறுத்து, தனித்தனியாக இருந்து நல்லபடி இருப்போம் என்கிறாள். முழுமையான பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. தெலுங்குக்குப் போனது, இந்திக்கு 'சன்சார்' என்று போனது. அப்பாவின் வியாபார முறையை வைத்துக்கொண்டு அப்பாவின் முடிவை மாற்றினார்கள். இது பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

கட்டுரை முடியும் இடம்தான் எங்களை எழுதவே வைத்தது. ஸ்டுடியோ வாசலில் சுழலும் உருண்டைதான் அவர் விட்டுச்சென்ற அடையாளம் என்கிறார் கட்டுரையாளர். அவர் விட்டுச்சென்றது நெகட்டிவ். ஒரு கதைக்கு மூன்று மொழி என்றால் மூன்று பட நெகட்டிவ், மூன்று சவுண்ட் நெகட்டிவ். இந்திப் படங்களின் விநியோகம் இங்கேதான் நடந்தது. லாமிங்டன் ரோட்டு விநியோக அலுவலகங்கள் காலியானபோதும், தமிழ்ப் படங்களுக்குப் பேர்போன மாட்டுங்கா அரோரா போன்ற தியேட்டர்களுக்கு ஓட்டம் குறைந்தபோதும், திரும்பிப் போகாத படப்பெட்டிகள் பல இடங்களில் தங்கின. சில கிடங்கில் இருக்கும், சில வீட்டுப் பரணில் இருக்கும். நிறைய, ஃபிலிமில் உள்ள வெள்ளியை எடுக்கப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போயிருக்கும்.

சட்டமும் இங்கே ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுக்குத்தான். 'களத்தூர் கண்ணம்மா'வுக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. 1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்துக்கு 2025 டிசம்பர் வரை. பாட்டும் இசையும் வேறு கணக்கு. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை அவற்றின் உரிமை நீடிக்கும். எனவே யார் வேண்டுமானாலும் படத்தை ஏற்றலாம் என்று நினைப்பவரும் பாட்டில் மாட்டிக்கொள்வார். உரிமை போன படத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்து 4கே ஸ்கேன் (உயர்தர டிஜிட்டல் பிரதி) செய்ய வியாபாரிக்கு ஊக்கம் இருக்காது. அதனால்தான் பாட்டு வெட்டுப்பட்ட, கோடு விழுந்த பிரிண்ட்டின் டி.வி. நகலே இணையத்தில் சுற்றுகிறது.

ஆகவே, உங்கள் வாசகர் யார் வீட்டிலாவது, கடையிலாவது தகர டப்பா இருந்தால் செய்ய வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறோம். முதலில் ஃபிலிமின் ஓரத்தைப் பாருங்கள். துளைகளுக்கு வெளியே 'நைட்ரேட்' அல்லது 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் புழக்கத்தில் இருந்தது. பழுதாகிப்போன நைட்ரேட் கோடை வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு எரிந்து போனதில் பழைய இந்தியப் படங்கள் பல போயின. அப்படிப்பட்ட டப்பாவை ரயிலிலோ பஸ்ஸிலோ தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இருக்கும் இடத்திலேயே, வெயிலும் நெருப்பும் படாமல் விட்டுவிட்டு, தெரிந்தவர்களை வரவழையுங்கள்.

சேஃப்டி ஃபிலிம் நைட்ரேட் போல் தீப்பற்றாது, ஆனால் புளிக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அந்த ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி டப்பாவுக்குள் அடைபட்டால் அழுகல் இன்னும் வேகம் பிடிக்கும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். நெடி அடிப்பதைத் தனியே பிரித்து, காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். துருப்பிடித்த தகரமும் பாலித்தீன் பையும் வேண்டாம். மும்பை மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஃபிலிமுக்கு வேண்டியது 30 முதல் 40. தரையிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். வீட்டு ஃப்ரிஜ்ஜில் அப்படியே வைத்து எடுத்தால் வியர்த்து ஃபிலிமோடு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சுற்றைப் பிரித்து இழுக்காதீர்கள், செல்லோ டேப் போடாதீர்கள், புரொஜெக்டரில் ஏற்றிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். 1 சதவீதம் சுருங்கிய ஃபிலிமையே பல்சக்கரம் கிழித்துவிடும்; பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் அதற்குப் பாதுகாப்பு.

பிறகு குறித்துக்கொள்ள வேண்டியவை: டப்பா மேல் எழுதியிருக்கும் பெயர், ரீல் எண், ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போல் இருக்கும் அடையாளங்கள் (கோடாக் ஃபிலிமில் அவை தயாரிப்பு ஆண்டைச் சொல்லும், 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்). முதல் ரீலில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் மொழி, நீளம், ரீல் எண்ணிக்கை மூன்றும் அதிலேயே கிடைக்கும். படத்துக்கு ஓரத்தில் ஒலிக்கோடு இல்லையென்றால் அது குப்பை இல்லை, பட நெகட்டிவாக இருக்கலாம். படமே இல்லாமல் கோடு மட்டும் ஓடினால் அது சவுண்ட் நெகட்டிவ், அதையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டும் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. ஒலிச் சுருள் 1 சதவீதம் சுருங்கியிருந்து, அதை வேகத்தை மட்டும் நம்பி ஸ்கேன் செய்தால், 11 நிமிட ரீலின் கடைசியில் ஆறு வினாடிக்கு மேல் விலகும். துளைகளை எண்ணித்தான் ஒத்துவைக்க வேண்டும். இதை லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நடிகர் வாய் திறக்குமுன்பே பாட்டு வரும் பிரதி ஒன்று வந்து சேரும்.

கொடுக்கும் இடம் புனேயில் உள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம். இப்போது அது தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இருக்கிறது. மும்பையிலேயே டார்டியோவில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஒப்படைக்கும்போது எத்தனை டப்பா, என்ன நிலையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உடைமை தருகிறீர்களா, பாதுகாப்புக்கு மட்டும் தருகிறீர்களா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

'லட்கி'க்கும் 'பெண்'ணுக்கும் உரிய ஆண்டுகளை வரும் இணைப்பில் திருத்திப் போடும்படியும், மேலே சொன்ன டப்பா விவரத்தைத் தனிக் கட்டமாக வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறோம். மழை தொடங்குமுன் வெளியிட்டால் நல்லது. பரண் ஒழிக்கும் மாதம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப், எடிட்டிங் பணியாளர்கள் சிலர்
மாட்டுங்கா, மும்பை